பழைய காரில் அழுக்குத் தண்ணீர், எப்போதாவது ஏறும் சூடு: கழுவிவிடுவதற்கு முன்னால் கண்டுபிடியுங்கள்

கோலாலம்பூரிலிருந்து போகும் கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில்தான் முதல் தடவை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனது. கார் வாங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஓரம் கட்டி, முக்கால் மணி நேரம் நின்று, மெல்லத் திரும்பி வந்தால் வீடு வரைக்கும் முள் நடுவிலேயே இருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் செந்தூலுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் தினமும் போய் வந்தேன், எந்தத் தொல்லையும் இல்லை. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் பழுப்பாக இருந்தது, அதனால் பக்கத்துப் பட்டறை ஒன்றில் விட்டேன், அவர்கள் உடனே எல்லாவற்றையும் கொட்டி, கழுவி, பச்சை கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம்) ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடி பழுப்பு, மறுபடி அதே ஏற்றத்தில் சூடு. இந்தத் தடவை ஃபேன் மோட்டாரை மாற்றினார்கள். அதற்கும் சரியாகவில்லை. கடைசியில் சிகாம்புட்டில் ஒரு வயதான ஃபோர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) போனேன், அவர் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தம்பி, தண்ணிய கொட்டிட்டு வந்து நிக்கிறியே, அதுலதானே எல்லாம் இருந்துச்சு."

அவர் சொன்னது எனக்கு அன்று முழுதாகப் புரியவில்லை. இப்போது புரிகிறது, அதனால்தான் முதல் தடவை பழைய கார் வாங்கியிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். கூலண்ட் அழுக்காக இருப்பது நோய் இல்லை, அது ரத்தப் பரிசோதனை மாதிரி. எதனால் அழுக்காகியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரிவதற்கு முன்னால் கழுவிவிட்டால் ஆதாரத்தைக் கழுவிவிட்டோம் என்று அர்த்தம். அதே மாதிரி "எப்போதாவதுதான் சூடாகிறது" என்பதைக் கேட்டு ஆறுதல் அடையாதீர்கள். பழுது எப்போதும் உள்ளேதான் இருக்கிறது, ஏதோ ஒரு நிலைமையில் மட்டும் வெளியே தெரிகிறது. அந்த நிலைமை எது என்று பிடிப்பதுதான் நம்முடைய வேலை, சாமான் வாங்குவது அதற்குப் பிறகு.

காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன்

முதலில் பாதுகாப்பு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, துணியைப் போட்டுத் திறந்தாலும் சரி, மெதுவாகத் திறந்தாலும் சரி. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே இருந்தும் கொதிக்காமல் நிற்கும், மூடி விலகியதும் அது ஒரே நொடியில் ஆவியாகிப் பீய்ச்சி அடிக்கும், முகமும் கையும் வெந்துபோகும். இரவு நிறுத்திய காரைக் காலையில் திறப்பதுதான் சரி. அவசரமாக இருந்தால்கூட மேலே இருக்கும் தடித்த ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு இருந்தாலோ அமுக்கினால் இறுகி இருந்தாலோ இன்னும் நேரம் ஆகவில்லை.

காலையில் மூடியைத் திறக்கும்போதே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் மிச்ச அழுத்தம் இருக்கக் கூடாது. திறந்ததும் "புஸ்" என்று நன்றாகக் காற்று வந்தால், எஞ்சின் ஓடும்போது சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முடிவு இப்போது வேண்டாம்.

அடுத்து மட்டம். புதியவர்கள் பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணீர் இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடுவார்கள். டேங்க் நிறைந்திருந்து ரேடியேட்டர் காலியாக இருக்க முடியும். மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு, ஒன்று அழுத்தம் மிகுந்தால் தண்ணீரை டேங்குக்கு வெளியேற்றும், மற்றது எஞ்சின் ஆறும்போது அந்தத் தண்ணீரைத் திரும்ப இழுக்கும். இந்த இரண்டாவது கெட்டுப்போனாலோ, டேங்குக்குப் போகும் மெல்லிய ஹோஸில் விரிசல் இருந்தாலோ, போன தண்ணீர் திரும்ப வராது. ஆகவே ரேடியேட்டரின் கழுத்து வரை தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, அழுத்தம் தாங்கும் டேங்கின் மேல்தான் மூடி இருக்கும், அங்கே டேங்கின் மட்டமே உண்மையான மட்டம்.

ஒரு பாட்டில் போதும்

இப்போது முக்கியமான வேலை. லேபிளைக் கிழித்த ஒரு மினரல் வாட்டர் பாட்டில், ஒரு பெரிய சிரிஞ்ச் அல்லது சிறிய ரப்பர் குழாய். ரேடியேட்டரிலிருந்து கால் லிட்டர் எடுங்கள். ரிசர்வ் டேங்கிலிருந்து இன்னொரு பாட்டிலில் கொஞ்சம் எடுங்கள், இரண்டும் வேறுபடலாம். தேதியையும் கிலோமீட்டரையும் பாட்டிலில் எழுதி, குழந்தைகளும் பூனை நாய்களும் எட்டாத இடத்தில் ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம், தரையில் சிந்தினால்கூடத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். பாட்டில் குடிதண்ணீர்ப் பாட்டில் மாதிரியே இருப்பதால் அதன் மேல் பெரிதாக "விஷம்" என்று எழுதுவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

மறுநாள் எது கீழே படிந்திருக்கிறது, எது மேலே மிதக்கிறது என்று பாருங்கள். துரு கனமானது, கீழே போகும். எண்ணெய் மேலே வரும்.

பழுப்பு நிறத்தில், அடியில் செம்மண் மாதிரி படிந்திருந்தால் அது துரு. யாரோ வருஷக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் இது மிகவும் சாதாரணம், "பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு" என்று என் மாமாவே இன்றைக்கும் கேட்பார். உறையாமல் காப்பது கூலண்ட்டின் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது அதன் மற்ற இரண்டு வேலைகள்: எஞ்சின் உள்ளே இரும்பும் அலுமினியமும் அரிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும், நல்ல மூடியின் அழுத்தத்தில் 125 டிகிரியையும் தாண்டும். துருவைப் பார்த்து "அழுக்குதானே, கழுவினால் போகும்" என்று நினைக்க வேண்டாம், அந்தத் துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஏற்கெனவே போய் அடைத்திருக்கக்கூடும். என் காரில் நடந்தது அதுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

கொழகொழவென்று ஜெல்லி மாதிரி இருந்தால், ஒன்றோடு ஒன்று சேராத இரண்டு வகைக் கூலண்ட்டுகள் கலந்திருக்கலாம். நிறத்தை நம்பி வாங்குவதால் வரும் வினை இது. பச்சை ஒரு வகை, சிவப்பு ஒரு வகை என்று எந்தச் சட்டமும் இல்லை, நிறம் வெறும் சாயம். டொயோட்டா பிங்க் ஊற்றுகிறது, ஹோண்டா நீலம் ஊற்றுகிறது, கடையில் கிடைக்கும் மற்ற பிங்க் பாட்டிலில் இருப்பது வேறு ரசாயனமாக இருக்கலாம். காரின் கையேட்டில் எழுதியிருக்கும் வகையைப் பாருங்கள்.

தே தாரிக் நுரை மாதிரி இளம்பழுப்பில், கிரீம் போல, மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது எஞ்சின் எண்ணெய் தண்ணீரில் கலந்தது. காரணம் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு), விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட், அல்லது தண்ணீரால் குளிரூட்டப்படும் ஆயில் கூலர் இருக்கும் எஞ்சினாக இருந்தால் அதன் ரப்பர் சீல். இந்தக் கடைசி வழியை மறந்துவிடாதீர்கள். சீல் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்றால் செலவு குறைவு, அதைப் பார்க்காமல் நேரே ஹெட்டைக் கழற்றினால் பணம் தண்டம். இதைப் பார்த்த உடனே எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தாலோ, எண்ணெய் ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தாலோ, தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது, அந்த காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்து டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பதற வேண்டியதில்லை, பக்கத்துக் கடைக்கு மட்டும் போய் வரும் கார்களில் ஈரம் அப்படித் தங்குவதுண்டு.

இன்னொன்று, சிராப் பண்டோங் மாதிரி பிங்க் நிறத்தில் கெட்டியாக இருப்பது. ஆட்டோ கியர் காரில் இதைப் பார்த்தால் ரொம்ப ஜாக்கிரதை. பல ஆட்டோ கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறிய கூலர் ரேடியேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அது உள்ளே அரித்து ஓட்டையானால் சிவப்பு கியர் எண்ணெயும் கூலண்ட்டும் இரண்டு பக்கமும் கலக்கும். கியருக்குள் தண்ணீர் போனால் அதன் கிளட்ச் தகடுகளின் பூச்சு உரிந்துவிடும், சில நாட்கள் ஓட்டினாலே கியர்பாக்ஸ் போய்விடும். என் அத்தை மகன் கெப்போங்கில் ஒரு கார் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான், வெளியே பளபளவென்று இருந்தது, ரிசர்வ் டேங்கின் மூடியைத் திறந்து ஒரு விரலை விட்டேன், பிங்க் கிரீம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம். அந்த ஒரு விரல் அவனுக்கு ஒரு கியர்பாக்ஸை மிச்சப்படுத்தியது. கூலண்ட்டே பிங்க் நிறம்தானே என்று குழம்ப வேண்டாம், நல்ல பிங்க் கூலண்ட் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், கலந்தது மங்கலாகக் கிரீம் போல இருக்கும்.

செம்புத் துகள் போல மின்னும் பொடியோ, சாம்பல் நிறச் சேறோ இருந்தால் யாரோ ஓட்டை அடைக்கும் மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அது ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை, ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும். எங்கே ஒழுகியது, ஏன் மறைத்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

சூடு எப்போது ஏறுகிறது என்று எழுதுங்கள்

போனில் ஒரு பக்கம் திறந்து, ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்: எந்த இடம், என்ன வேகம், ஏசி ஓடியதா, ஏற்றமா, கார் கிளம்பி எவ்வளவு நேரம், மறுநாள் எவ்வளவு தண்ணீர் குறைந்தது. முடிந்தால் ஓபிடி பிளக்கில் (காரின் கணினி தரும் தகவலைப் படிக்க உள்ளே வைத்திருக்கும் பிளக்) செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்குங்கள், ஷோப்பி மாதிரி இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பெரும்பாலான கார்களில் தண்ணீரின் உண்மையான டிகிரியைப் போனில் காட்டும். டேஷ்போர்டு முள்ளை முழுக்க நம்ப முடியாது. பல கார்களில் 80 ஆனாலும் 100 ஆனாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள், அது அசையும்போது ஏற்கெனவே தாமதம். சில கார்களில் முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு: தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் சென்சார் காற்றை அளக்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கும். ஏறிய முள் திடீரென்று தானாக விழுந்தால் சந்தோஷப்படாமல் உடனே ஓரம் கட்டுங்கள்.

ஓடும்போது 85 முதல் 100 டிகிரி வரை இருப்பது பெரும்பாலான கார்களுக்குச் சாதாரணம்.

இப்போது எழுதி வைத்ததைப் பாருங்கள். ஃபெடரல் ஹைவேயில் மாலை ஜேமில், தைப்பூசத்தன்று பத்து மலைப் பக்கம் ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறி, சாலை காலியானதும் இறங்கினால், காற்று போதவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் ஃபேன், ஃபேன் ரிலே, ஃபியூஸ், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்த குப்பை இவற்றைப் பார்க்க வேண்டும். அதுவே கராக் ஏற்றத்திலோ, கெந்திங் மலையிலோ, மணிக்கு 110 கிலோமீட்டரில் நீளமாக ஓட்டும்போதோ ஏறி, ஊருக்குள் ஒன்றுமே இல்லை என்றால், காற்று தாராளமாக வருகிறது, தண்ணீர்தான் போதுமான அளவுக்குச் சுழலவில்லை அல்லது வெப்பத்தை விடவில்லை. அப்போது பார்க்க வேண்டியது ரேடியேட்டர் உள்ளடைப்பு, தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப், உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். வேகமாகப் போகும்போது ஃபேனுக்கு வேலையே இல்லை. எனக்கு ஏற்றத்தில் மட்டும்தான் ஏறியது, நான் அதைச் சொல்லவும் செய்தேன், அப்படியும் ஃபேனை மாற்றினார்கள், நானும் பணம் கொடுத்தேன். இந்த ஒரு பத்தி எனக்கு அன்று தெரிந்திருந்தால் அந்தச் செலவு இல்லை.

இடமும் வேகமும் பார்க்காமல் முள் ஏறி இறங்கி ஆடினால், தண்ணீர் குறைவு, உள்ளே காற்று, அல்லது ஹெட் கேஸ்கட். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் வாரா வாரம் தண்ணீர் குறைந்தால் இந்த மூன்றாவது பக்கம் சாய வேண்டும்.

சோதனைகள், மலிவிலிருந்து தொடங்கி

மூடி. அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மேலே 0.9 அல்லது 1.1 என்று அழுத்தம் எழுதியிருக்கும், உங்கள் காருக்கு எது என்று கையேட்டில் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். பழைய காரில் சந்தேகமாக இருந்தால் யோசிக்காமல் மாற்றக்கூடிய சாமான் இது ஒன்றுதான்.

ஃபேன். காரை நிறுத்தி ஏசி போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓட வேண்டும். பிறகு ஏசியை அணைத்து, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, ஓபிடியில் டிகிரியைப் பாருங்கள், பல கார்களில் 95-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ ஃபேன் தானாக ஓடி, டிகிரி இறங்கியதும் நிற்கும். எஞ்சின் அணைந்திருந்தாலும் சூட்டில் ஃபேன் திடீரென ஓட ஆரம்பிக்கலாம், கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். யாராவது முன்னால் ஃபேன் மாற்றியிருந்தால் காற்று எஞ்சின் பக்கம் இழுக்கப்படுகிறதா என்றும் பாருங்கள், ஒரு தாளை முன்னால் காட்டினால் கிரில்லோடு ஒட்ட வேண்டும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், ஓடுவது மாதிரியே தெரியும், குளிராது.

அழுத்தச் சோதனை. இதற்குக் கைப்பம்பு ஒன்று மூடியின் இடத்தில் மாட்டுவார்கள், நல்ல பட்டறையில் கட்டாயம் இருக்கும். ஆறிய எஞ்சினில், மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் ஒழுகல் இருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, எல்லா இடத்தையும் பாருங்கள். காய்ந்த வெள்ளை அல்லது பிங்க் கறையும் ஒழுகல்தான், சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் ஈரமாகத் தெரியாது. எங்கும் எதுவும் இல்லாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் தண்ணீர் எஞ்சினுக்கு உள்ளே போகிறது, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எது ஈரமாக, வித்தியாசமாகச் சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாயுச் சோதனை. ஹெட் கேஸ்கட் சந்தேகத்தை வாய் வார்த்தையில் ஏற்காதீர்கள், அதற்கு நீலத் திரவம் உள்ள ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது அங்கிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் பெட்ரோல் காரில் நீலம் மஞ்சளாக மாறும். இந்தச் சோதனையும் அழுத்தச் சோதனையும் இல்லாமல் "ஹெட் போயிருக்கும், இறக்கிடலாம்" என்று சொல்பவரிடம் நான் காரைக் கொடுக்க மாட்டேன். ஹெட்டைக் கழற்றி, சமன்படுத்தி, கேஸ்கட் மாற்றுவது பழைய காரின் விலையில் ஒரு பெரிய பங்கு. லேசான கசிவு ஒரே சோதனையில் தப்பிப்பதும் உண்டு, அதனால் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வந்து, ஆறிய பிறகு இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி, அதன்மேல் எழுதியிருக்கும் டிகிரியைப் பாருங்கள், 82 அல்லது 88 போல இருக்கும். பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால், அந்த டிகிரியில் திறக்க ஆரம்பித்து இன்னும் சுமார் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுக்கத் திறக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள்.

இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று அதை எடுத்து எறியும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் ஊருக்குள் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். அதைவிட மோசம், பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்கும்போது அதன் அடிப்பக்கம் பைபாஸ் வழியை மூடும், அதனால்தான் தண்ணீர் முழுக்க ரேடியேட்டருக்குப் போகிறது. அது இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும், ஏற்றத்தில் இன்னும் சூடாகும். சிகாம்புட் ஃபோர்மேன் என் காரின் தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை, எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ரேடியேட்டர். முன்பக்கம் இலை, பூச்சி, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, வேகம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள், அழுத்தக் குழாயைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடங்கிவிடும். உள்ளடைப்பைப் பார்க்க எட்டி நின்று சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி போதும். எஞ்சின் நன்றாகச் சூடாகித் தண்ணீர் சுழல ஆரம்பித்ததும் ரேடியேட்டர் முழுக்க மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும், நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. என் காரில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குளிர்ந்து கிடந்தது. குழாய்த் தண்ணீரின் துரு எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, முதல் பட்டறை கழுவியபோது கிளம்பிய துருவும் அதோடு போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றி, அதே ஏற்றத்தில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது பழுது என்று கடைசி வரை தெரியாது.

இப்போது கழுவலாம்

காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் கழுவ வேண்டும். ஆறிய எஞ்சினில், அடி பிளக்கைத் திறந்து ஒரு தொட்டியில் பிடியுங்கள். லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், மூடிய கலனில் வைத்துப் பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையிடம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பிறகு சுத்தத் தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, கொட்டி, மறுபடி. சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, ஹெட் விரிசல் விடலாம். வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை இதையே செய்யுங்கள், எனக்கு ஐந்து தடவை ஆனது, ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. எண்ணெய் கலந்திருந்த கார் என்றால் தண்ணீர் மட்டும் போதாது, அதற்கென்று விற்கும் கழுவும் மருந்து வேண்டும், எண்ணெயில் ஊறி உப்பி மெத்தென்று ஆன ஹோஸ்களையும் மாற்றத்தான் வேண்டும்.

நிரப்பும்போது ஒரு கணக்கு. எவ்வளவு கொட்டினாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று இருந்தால், முதலில் அடர் கூலண்ட் 2.5 லிட்டர் ஊற்றிவிட்டு, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள், அப்போதுதான் பாதிக்குப் பாதி வரும். கலந்து விற்கும் பாட்டிலை நேரே ஊற்றினால் உள்ளே தங்கிய தண்ணீர் அதை இன்னும் நீர்க்கச் செய்துவிடும்.

காற்றை வெளியேற்றுவதைப் பலரும் அவசரப்பட்டு விட்டுவிடுகிறார்கள், புதுக் கூலண்ட் ஊற்றிய மறுநாளே சூடாவதற்கு இதுதான் காரணம். காரின் மூக்கு மேடாக இருக்கும் சரிவில் நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி, குமிழி வர வர நிரப்பிக்கொண்டே, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை பொறுங்கள். கழுத்து வழியே பொங்க ஆரம்பித்தால் முகத்தைத் தள்ளி வையுங்கள். காற்று விடும் ஸ்குரூ இருக்கும் கார்களுக்கு முறை வேறு, மூடியைத் திறந்துவைக்கக் கூடாத கார்களும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். மறுநாள் காலையில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் ஒழுகல் இன்னும் இருக்கிறது.

வழியில் சூடாகிவிட்டால்

ஏசியை அணையுங்கள், அபாய விளக்கைப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், இங்கே விற்கப்பட்ட பல சிறிய கார்களில் ஹீட்டரே கிடையாது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நெடுஞ்சாலை என்றால் எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று ரோந்து வண்டியை அழையுங்கள். "பக்கத்து டோல் வரைக்கும் போயிடலாம்" என்ற நினைப்புதான் கேஸ்கட் செலவை எஞ்சின் செலவாக்குகிறது, அலுமினிய ஹெட் வளைவதற்குச் சில நிமிடம் போதும்.

வாங்கும் முன்பே என்றால்

விற்பவரிடம் "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போய் போனட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். பழைய எஞ்சினில் ஹோஸ் கிளிப்புகளும் கூலண்ட்டும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று கேட்டு, பில் இருந்தால் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் மாதிரி வாகனச் சோதனை மையத்தில் செய்யும் பி5 சோதனையில் தேறியதைக் காட்டி "கார் நல்லா இருக்கு" என்பார்கள், அது ரேடியேட்டருக்குள் பார்க்கும் சோதனை இல்லை. ஓட்டிப் பார்க்கும்போது ஜாலான் ஈப்போ ஜேமில் ஏசியோடு அரை மணி நேரம், பிறகு கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வரை. வீட்டைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது.

துரு மட்டும் இருந்து, எண்ணெய் இல்லாமல், அழுத்தமும் வாயுவும் தேறினால் ரேடியேட்டர் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். டிப்ஸ்டிக்கில் பாலோ, ஆட்டோ கியர் காரில் பிங்க் கிரீமோ இருந்தால் வேண்டாம்.

என் காருக்குப் புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி மாற்றியாயிற்று. இரண்டு வாரம் கழித்து இன்னொரு பாட்டில் எடுத்துப் பழைய பாட்டிலின் பக்கத்தில் வைத்தேன், அடியில் மெல்லிய பழுப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது, மறுபடி ஒரு தடவை கழுவினேன். அதற்கடுத்த பாட்டில் தெளிவாக வந்தது. நீங்களும் முதல் இரண்டு மாதம் இப்படி எடுத்து வையுங்கள், அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.